ஈறில் ரத்தம் வந்தால்: வாய்க் கிருமிகளைப் புரிந்துகொண்டு ஈறைக் காக்கும் வழி

காலையில் பல் துலக்கித் துப்பும்போது நுரையில் சிவப்பு தெரிந்தால் பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் ஒதுக்கித் துலக்குகிறார்கள். இல்லையென்றால் ஈறுக்கு நல்லது என்று விளம்பரத்தில் வரும் பேஸ்ட்டுக்கு மாறுகிறார்கள். முதலாவது நோயை வளர்க்கும். இரண்டாவது பெரிதாக எதையும் மாற்றாது. ரத்தம் வரும் இடம்தான் இன்னும் பொறுமையாகத் துலக்க வேண்டிய இடம். ஏன் அப்படி என்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். அதனால் செய்முறைக்குப் போகும் முன் வாய்க்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

வாய்க்குள் இருப்பவர்கள்

மனித வாயில் இதுவரை 700-க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. எல்லாம் ஒரே ஆள் வாயில் இருப்பதில்லை. ஒவ்வொருவர் வாயிலும் அவற்றில் ஒரு பகுதிதான் இருக்கும். ஒரு மில்லி எச்சிலில் சுமார் பத்துக் கோடி பாக்டீரியாக்கள் மிதக்கின்றன. இவற்றோடு கேண்டிடா போன்ற பூஞ்சைகள், வைரஸ்கள், சிலருடைய ஈறு ஓரத்தில் ஒரு வகை அமீபாகூட உண்டு.

இதைப் படித்ததும் எல்லாவற்றையும் கொன்றுவிட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை நம்மைத் தொந்தரவு செய்யாதவை. சில நமக்கு வேலையே செய்து தருகின்றன. கீரையிலும் பீட்ரூட்டிலும் இருக்கும் நைட்ரேட்டை நாக்கின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதை விழுங்கிய பிறகு உடல் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது. அது ரத்தக் குழாய்களைத் தளர்த்தி ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. இன்னொன்று, இவை இடத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் பூஞ்சை பெருகாமல் இருக்கிறது. ஆன்டிபயாடிக் நிறைய நாள் சாப்பிட்டவர்களுக்கு நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படர்வது அந்தக் காவல் போய்விடுவதால்தான்.

நோய் எப்போது வருகிறது? இவை பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டிக்கொண்டு, பல நாள் கலைக்கப்படாமல் இருக்கும்போது. அந்த ஒட்டும் படலத்தைப் பல் மருத்துவர்கள் பிளேக் என்பார்கள். சிமென்ட் தண்ணீர்த் தொட்டியில் பிடிக்கும் பாசியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மருந்து ஊற்றினால் போகாது, தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தால்தான் போகும்.

இதை முதலில் கண்ணால் பார்த்தவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் துணி வியாபாரம் செய்த ஆன்டனி வான் லேவன்ஹூக். 1683 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில், தன் பல்லிடுக்கில் மாவு போல இருந்த வெள்ளைப் பொருளைத் தான் செய்த நுண்ணோக்கியில் பார்த்தபோது சின்னச் சின்ன உயிர்கள் துள்ளி ஓடியதை விவரிக்கிறார். தினமும் உப்பு வைத்துப் பல் தேய்க்கும் பழக்கம் உள்ளவர் அவர். அந்தக் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் வேறு. வினிகரால் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி பார்க்கிறார். படிவின் மேற்பரப்பில் இருந்தவை மட்டும் செத்திருக்கின்றன. வினிகர் உள்ளே இறங்கவே இல்லை. இன்று கடையில் விற்கும் எந்த மவுத்வாஷுக்கும் அது அப்படியே பொருந்தும்.

படலம் எப்படி நோயாகிறது

பல் துலக்கி முடித்த சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அதன் மேல் சில மணி நேரத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள் வந்து ஒட்டும். இவை பெரும்பாலும் சாதுவானவை. அவற்றின் மேல் ஃபியூசோபாக்டீரியம் என்ற நீளமான வகை வந்து சேர்கிறது. அது முன்னால் வந்தவற்றையும் பின்னால் வருபவற்றையும் இணைத்துப் பிடித்துக்கொள்கிறது. படலம் தடிக்கத் தடிக்க அடியில் ஆக்சிஜன் குறைகிறது. அப்போதுதான் ஆக்சிஜன் பிடிக்காத கூட்டம் வந்து தங்குகிறது: போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானரெல்லா ஃபோர்சைதியா, ட்ரெபோனீமா டென்டிகோலா. அமெரிக்காவின் பாஸ்டனில் அப்போது இருந்த ஃபோர்சைத் ஆய்வு நிலையத்தில் சோக்ரான்ஸ்கி என்பவரின் குழு 1998-ல் வாய் பாக்டீரியாக்களைச் சேர்க்கை வாரியாக வண்ணங்களில் பிரித்தபோது இந்த மூன்றுக்கும் சிவப்பு நிறம் கொடுத்தது. ஆழமான, ரத்தம் வடியும் ஈறுப் பைகளில், அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழமாகிவிட்ட பள்ளங்களில், இவை மூன்றும் கூட்டாகவே காணப்பட்டன.

இவற்றில் போர்பைரோமோனாஸ் சர்க்கரையைத் தேடுவதில்லை. அதற்கு வேண்டியது புரதமும், ரத்தத்திலிருந்து கிடைக்கும் இரும்பும். ஈறு வீங்கி ரத்தம் கசியக் கசிய அதற்குத் தீனி கூடுகிறது. அது பெருகப் பெருக ஈறு மேலும் வீங்குகிறது. ரத்தம் வரும் இடத்தைத் துலக்காமல் விடுவது ஏன் தப்பு என்பது இதில் இருக்கிறது.

இதில் இன்னொரு பாதி நம் உடல் செய்வது. படலத்தை எதிர்த்து வெள்ளை அணுக்கள் ஈறுக்குள் குவிகின்றன. அந்த அழற்சி ஓயாமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீடித்தால், பல்லைப் பிடித்திருக்கும் நார்களையும் எலும்பையும் நம் உடலே கரைத்துவிடுகிறது. ஈறில் வீக்கம் மட்டும் இருக்கும் கட்டத்தில் சரிசெய்தால் முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்பலாம். எலும்பு கரைந்துவிட்டால் நோயை அந்த இடத்தில் நிறுத்தலாம். போன எலும்பு தானாக வளர்ந்து வராது. பழைய ஆட்கள் பயோரியா என்று சொல்வது இந்த இரண்டாம் கட்டத்தைத்தான். உலகம் முழுவதும் 100 கோடிப் பேருக்கு இது கடுமையான நிலையில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

முதல் கட்டம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது, எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதை ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரர் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் காட்டினார். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கிவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. மருந்து எதுவும் இல்லை. 1965-ல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகுதான் ஈறு வீக்கத்துக்குக் காரணம் ஓரத்தில் சேரும் படலம் என்பதில் சந்தேகம் இல்லாமல் போனது.

அதே லோ, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண் தொழிலாளர்களை 1970-லிருந்து 15 ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார். பிரஷ் போட்டுத் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவ வசதியோ அவர்களுக்கு இருக்கவில்லை. எல்லோர் பல்லிலும் படலமும், அது கெட்டிப்பட்ட காரையும் நிறைய. எல்லோருக்கும் ஈறு வீக்கம். ஆனால் பின்விளைவு ஒரே மாதிரி இல்லை. சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக முற்றி இளம் வயதிலேயே பற்கள் விழுந்தன. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக முற்றியது. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவுமே ஆகவில்லை. உலகெங்கும் ஈறு நோய்ப் பாடப்புத்தகங்களில் இன்றும் வரும் எண்கள் இவை. சிகிச்சை கிடைக்காத ஏழைத் தொழிலாளர்களின் வாயிலிருந்து கிடைத்த அறிவு என்பதை அதைப் பயன்படுத்துகிற நாம் மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன். "எங்கள் தாத்தா பல்லே துலக்காமல் தொண்ணூறு வயது வரை கரும்பு கடித்தார்" என்று யாராவது சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் அந்த 11 சதவீதத்தில் ஒருவராக இருந்திருக்கலாம். நீங்கள் எந்தப் பிரிவு என்பது முன்கூட்டித் தெரியாது என்பதுதான் சிக்கல்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம்.

முதல் படி: கண்ணாடி முன் நின்று பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு பல்லை இறுக்கிப் பிடித்தபடி, ஓரம் மெலிந்து கத்தி முனை போல இருக்கும். நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நம்மில் பலருக்கு ஈறில் இயல்பாகவே கறுப்பு நிறம் உண்டு. அது நோய் இல்லை. ஓரம் உப்பி, வழுவழுப்பாக, பளபளவென்று இருக்கிறதா, தொட்டால் ரத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாகவோ, பற்களுக்கு நடுவே இடைவெளியே தெரியாமல் ஒரே சுவராகவோ இருந்தால் அது காரை. எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் படலத்தில் இறங்கிக் கெட்டிப்படுவதால் வருவது. எச்சில் சுரப்பிகளின் வாய் அங்கே திறப்பதால் அந்த இடத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் அதிகம் சேரும். காரை ஆகிவிட்டதை வீட்டில் எடுக்க முடியாது. ஊக்கு, பிளேடு எதையும் வைத்துச் சுரண்ட வேண்டாம்.

ஒரு சில நிலைமைகளில் வீட்டில் காத்திருக்கவே கூடாது. ஈறிலிருந்து சீழ் வருவது, பல் ஆடுவது, முகம் வீங்குவது, முன்பு நெருக்கமாக இருந்த முன்பற்கள் விலகிப் போவது, இவற்றில் எது இருந்தாலும் உடனே பல் மருத்துவரிடம் போங்கள். எதுவும் தொடாமலே ஈறில் ரத்தம் கசிந்து, கூடவே காய்ச்சலோ உடம்பில் கன்றிய திட்டுகளோ இருந்தால் பொது மருத்துவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டெங்கு, ரத்தத்தட்டு அணுக் குறைவு, அரிதாக ரத்தப் புற்றுநோய்கூட அப்படித் தலைகாட்டும்.

இரண்டாம் படி: இன்றிரவே துலக்கும் முறையை மாற்றுங்கள்

இதுதான் மையம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் பல் துலக்குவது காலை வேலை. ஆனால் எச்சில் மிகக் குறைவாகச் சுரப்பது தூங்கும்போதுதான். எச்சில் கழுவிவிடாத அந்த ஆறேழு மணி நேரம் படலம் தடையில்லாமல் வளரும். ஒரே ஒரு வேளைதான் ஒழுங்காகத் துலக்க முடியும் என்றால் இரவு வேளையைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து. காலையிலும் துலக்கினால் இன்னும் நல்லது. இரவு துலக்கிய பிறகு பால், பிஸ்கட் எதுவும் வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம்.

பிரஷ் சாஃப்ட் வகையாக, தலை சிறியதாக இருக்கட்டும். ஹார்டு பிரஷ்ஷில் அழுத்தித் தேய்த்தால்தான் சுத்தமாகும் என்ற எண்ணம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அது பல்லின் கழுத்தைத் தேய்த்து, ஈறைக் கீழிறக்கி, கூச்சத்தைத்தான் கொடுக்கும்.

பிரஷ்ஷைப் பல்லுக்கு நேராக வைக்காமல், நார்களின் முனை ஈறு ஓரத்தைப் பார்க்கும்படி சுமார் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். மேல் பல்லுக்கு மேல்நோக்கி, கீழ்ப் பல்லுக்குக் கீழ்நோக்கி. முனைகள் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள மெல்லிய பள்ளத்தில் லேசாக நுழைய வேண்டும். பிறகு இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் மிகச் சிறிதாக அதிர்வு கொடுங்கள், பத்துத் தடவை போல. அப்புறம் அடுத்த இரண்டு மூன்று பற்களுக்கு நகருங்கள். பேனா பிடிப்பதுபோல விரல் நுனியில் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். முன்பற்களின் உள்பக்கத்துக்குப் பிரஷ்ஷைச் செங்குத்தாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இந்த முறைக்குப் பெயர் பாஸ் முறை. சார்லஸ் பாஸ் நியூ ஆர்லியன்ஸில் இருந்த மருத்துவர். பல் மருத்துவர்கூட இல்லை. 1915-ல் அவர், பயோரியாவுக்குக் காரணம் வாயில் இருக்கும் அமீபாதான், எமட்டின் மருந்து கொடுத்து அதைக் கொன்றால் நோய் தீரும் என்று எழுதினார். அந்த வழி நிலைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவர் வந்து சேர்ந்த இடம் சாஃப்ட் பிரஷ்ஷும், பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலும். ஒரு கிருமியைக் குறிவைத்துக் கொல்வதைவிட ஓரத்தைத் தினமும் கலைப்பதே பலன் தரும் என்பதற்கு இந்த மனிதரின் வாழ்க்கையே சாட்சி. 1950-களில் அவர் சொல்லிக்கொடுத்த சாய்வைத்தான் இன்றும் கல்லூரிகளில் கற்பிக்கிறார்கள்.

எல்லோரும் தவறவிடும் இடங்கள் சில உண்டு. கீழ்க் கடைவாயின் நாக்குப் பக்கம், மேல் கடைசிப் பல்லின் பின்புறம், வலது கைக்காரர்களுக்கு வலது கோரைப்பல் திரும்பும் முனை. தினமும் முன்பல்லில் தொடங்கினால் இந்த இடங்களுக்கு வரும்போது பொறுமை போய்விடும். அதனால் கீழ்க் கடைவாயின் உள்பக்கத்தில் தொடங்குங்கள். இரண்டு நிமிடமாவது ஆக வேண்டும். தவறவிடுவது எங்கே என்று தெரிய, படலத்தை மட்டும் நிறமேற்றிக் காட்டும் மாத்திரை இருக்கிறது. பல் மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு தடவை பார்த்தால் போதும், கை தானாக அங்கே போகும்.

பேஸ்ட் விஷயத்தில் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதுகூடப் பல் சொத்தைக்காகத்தான். மூலிகை, உப்பு, கிராம்பு என்று பெட்டியில் போட்டிருப்பதற்கு அதிக விலை கொடுக்கத் தேவையில்லை. படலத்தைக் கலைப்பது பிரஷ்ஷின் நார். உமிக்கரி, செங்கல் பொடி, சாம்பல் மூன்றையும் விட்டுவிடுங்கள். பல்லின் எனாமலைத் தேய்த்துவிடும். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று நம் முன்னோர் சொன்னதில் உண்மை இருக்கிறது. குச்சியை நன்றாக மென்று தூரிகையாக்கித் துலக்குபவர்கள் வெளிப்பக்கத்தைச் சுத்தமாகவே வைத்திருப்பார்கள். உள்பக்கமும் இடுக்கும்தான் குச்சிக்கு எட்டுவதில்லை. வேப்பங்குச்சியை விட மனம் வராதவர்கள் காலையில் அதை வைத்துக்கொண்டு இரவில் பிரஷ் பிடிக்கலாம்.

முதல் சில நாள் ரத்தம் இன்னும் அதிகமாக வருவதுபோலத் தெரியும். பயப்படாதீர்கள். காரை இல்லாத இடங்களில் ஒன்றிரண்டு வாரத்தில் குறைந்துவிடும். குறையாமல் அடம்பிடிக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்; மருத்துவரிடம் சொல்ல உதவும்.

மூன்றாம் படி: பல்லிடுக்கு

ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவது இரண்டு பற்களுக்கு நடுவே. பிரஷ் நார் அங்கே போகாது. பற்கள் நெருக்கமாக இருந்தால் ஃப்ளாஸ். நூலை இடுக்கில் மெதுவாக இறக்கி, பல்லின் பக்கவாட்டை வளைத்து அணைத்தபடி மேலும் கீழும் உரச வேண்டும். நூலை வெடுக்கென்று இறக்கினால் ஈறு வெட்டுப்படும். இடுக்கில் கொஞ்சம் இடைவெளி இருந்தால், குட்டிப் பாட்டில் கழுவும் தூரிகை போலக் கிடைக்கும் இடுக்குப் பிரஷ் நூலைவிட நன்றாக வேலை செய்யும். அது பல அளவுகளில் வருகிறது. நுழையும்போது லேசாக இறுக்கமாக இருக்க வேண்டும், கம்பி பல்லில் உரசக் கூடாது. ஒரே வாயில் இரண்டு மூன்று அளவு தேவைப்படலாம். எந்த இடுக்குக்கு எது என்று பல் மருத்துவரையே ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஈர்க்குச்சியும் ஊக்கும் மாட்டிக்கொண்ட கறித்துணுக்கை எடுக்கலாம். படலத்தை எடுக்காது, ஈறைக் குத்திவிடும்.

நான்காம் படி: அளவெடுத்துக்கொள்ளுங்கள், காரையை நீக்குங்கள்

பல் மருத்துவரிடம் போனால், மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறுப் பள்ளத்தின் ஆழத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 4-ம் அதற்கு மேலும் இருந்து ரத்தமும் வந்தால் கவனிக்க வேண்டும். 6-க்கு மேல் என்றால் ஆழமான பை. பிரஷ்ஷோ நூலோ அதன் அடிக்குப் போகாது. எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரே எடுப்பார்கள். ஈறு நோய் வலிக்காது; வலி வரும் நேரத்தில் பாதி எலும்பு போயிருக்கலாம். அதனால் வலி இல்லை என்பதை வைத்து முடிவெடுக்காமல் இந்த எண்களை வைத்து முடிவெடுங்கள். வாயில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்று பரிசோதிக்கும் எச்சில் பரிசோதனைக்குப் பெரும்பாலானோர் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அந்தச் சிவப்புக் கூட்டம் ஆரோக்கியமானவர் வாயிலும் கொஞ்சம் இருக்கும். முடிவு எப்படி வந்தாலும் முதல் சிகிச்சை ஒன்றுதான்.

அந்தச் சிகிச்சை ஸ்கேலிங். நுண்ணிய அதிர்வு தரும் கருவியால் காரையை உடைத்துத் தண்ணீரால் கழுவி எடுப்பார்கள். இதைப் பற்றி ஒரு பயம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது: "கிளீனிங் பண்ணினால் பல் ஆட ஆரம்பித்துவிடும், பல்லுக்கு நடுவே ஓட்டை விழும்". இந்தப் பயத்தால் சிகிச்சைக்கே போகாமல் பல்லை இழந்தவர்கள் ஏராளம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: ஸ்கேலிங் பல்லை ஆட்டுவதில்லை. எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கிறது. காரைதான் பற்களை ஒன்றோடொன்று ஒட்டி ஆட்டத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்ததும் இருந்த ஆட்டம் தெரிகிறது. இடைவெளியும் அப்படித்தான், காரை அடைத்திருந்த இடம் திறக்கிறது, வீங்கியிருந்த ஈறு சுருங்குகிறது. கூச்சம் சில நாள் இருக்கும், பிறகு போய்விடும். ஈறு ஆறியதும் லேசான ஆட்டம் குறைவதும் உண்டு.

பை ஆழமாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர்ப் பகுதியையும் சுத்தம் செய்வார்கள். இது இரண்டு மூன்று தடவையாக நடக்கும்.

போகும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கொண்டு போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை எடுப்பவர்கள் நீங்களாக நிறுத்த வேண்டாம், சொன்னால் போதும். இதயத்தில் செயற்கை வால்வு உள்ளவர்கள் இதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். ஈறைத் தொடும்போது பாக்டீரியா ரத்தத்தில் கலந்து வால்வில் ஒட்டாமல் இருக்க, முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். செலவு யோசனையாக இருந்தால் பல் மருத்துவக் கல்லூரிகளில் குறைந்த கட்டணத்தில் இதெல்லாம் செய்கிறார்கள். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பல் மருத்துவ பீடம் இருக்கிறது. நேரம் கொஞ்சம் அதிகமாகும். ஆனால் ஈறு நோய்க்கென்றே தனித் துறை வைத்துப் பார்க்கும் இடங்கள் அவை.

ஐந்தாம் படி: கொப்பளிப்பதும் மாத்திரையும்

ஸ்கேலிங் முடிந்ததும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதித் தருவார்கள். நல்ல மருந்து, சொன்ன நாள் வரைக்கும். வழக்கமாக ஒன்றிரண்டு வாரம். அதற்கு மேல் மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், ருசி மாறும், முன்னால் சொன்ன நைட்ரேட் வேலையைச் செய்யும் நல்ல பாக்டீரியாக்களும் போய்விடும். பேஸ்ட் போட்டுத் துலக்கிய உடனே இதைக் கொப்பளிக்காதீர்கள். பேஸ்ட்டின் நுரைப்பொருள் மருந்தின் வேகத்தைக் குறைக்கும். அரை மணி நேரம் விடுங்கள்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் வீங்கிய ஈறுக்கு இதமாக இருக்கும், செய்யலாம். நல்லெண்ணெய் கொப்பளிப்பது பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். சில சிறிய ஆய்வுகளில் படலமும் வீக்கமும் கொஞ்சம் குறைந்ததாகப் பார்த்திருக்கிறார்கள். பிடித்தவர்கள் செய்யட்டும், பிரஷ்ஷுக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். சின்னக் குழந்தைகளையும் விழுங்கச் சிரமப்படும் முதியவர்களையும் எண்ணெய் கொப்பளிக்கச் சொல்லாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

மருந்துக் கடையில் "ஈறு வீக்கத்துக்கு" என்று கேட்டு மெட்ரோனிடசோல், அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாடிக்கை வாங்கிச் சாப்பிடும் பழக்கம் பெரிய ஆபத்து. படலத்துக்குள் இருக்கும் கிருமிகளை மருந்து சரியாக எட்டாது. வீக்கம் சில நாள் அடங்கும், காரை அங்கேயே இருக்கும், அரைகுறையாகத் தப்பிய கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். நோய் வேகமாக முற்றும் வகையினருக்கு மருத்துவர்கள் இவற்றைத் தருவது உண்டு. அப்போதும் வேரைச் சுத்தம் செய்வதோடு சேர்த்துத்தான்.

ஆறாம் படி: வாய்க்கு வெளியே பார்க்க வேண்டியவை

சர்க்கரை நோய் இருந்தால் ஈறு நோய் வரும் வாய்ப்பு அதிகம், வந்தால் வேகமாகவும் முற்றும். மறுபக்கமும் உண்டு: ஈறில் ஓயாத அழற்சி இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கடினம். ஈறுச் சிகிச்சைக்குப் பிறகு மூன்று நான்கு மாதத்தில், கடந்த சில மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு மாத்திரை கூட்டுவதற்கு ஓரளவு சமமான பலன் இது. முப்பது நாற்பது வயதில் ஈறு திடீரென்று மோசமானால் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நோய் இருப்பது அப்படித் தெரியவந்தவர்கள் நிறைய.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிகோட்டின் ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் ரத்தம் அதிகம் வராது. ஈறு வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும். சிகிச்சைக்குப் பிறகு ஆறுவதும் தாமதமாகும். வெற்றிலையோடு புகையிலை அடக்குபவர்களுக்கு, அடக்கும் இடத்தில் ஈறு இறங்குவதோடு வாய்ப் புற்றுநோய் ஆபத்தும் இருக்கிறது.

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் அதே அளவு படலத்துக்கே ஈறு அதிகமாக வீங்கும். பிள்ளை பிறக்கட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை ஸ்கேலிங் செய்துகொள்ள வசதியான காலம். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின், சிறுநீரக மாற்றுக்குப் பிறகு சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களில் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லின் மேல் வளரும். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் காட்டுங்கள். மாற்று மருந்து இருக்கலாம்.

ஈறு நோய்க்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒரே ஆட்களிடம் அதிகம் காணப்படுகின்றன. ஆனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று நிரூபணமாகவில்லை. பயமுறுத்தி விற்கும் எதையும் இதை நம்பி வாங்க வேண்டாம்.

ஏழாம் படி: திரும்பப் போங்கள்

ஸ்கேலிங் அல்லது வேர்ப் பகுதியைச் சுத்தம் செய்வது முடிந்து சுமார் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளவெடுக்க வேண்டும். ஆழமான பைகளில் பழைய கூட்டம் திரும்பிக் குடியேற அவ்வளவு காலம்தான் ஆகிறது. 4 மில்லிமீட்டருக்குள் இறங்கி ரத்தம் நின்ற இடங்களை உங்கள் பிரஷ்ஷும் நூலும் பார்த்துக்கொள்ளும். 5, 6 என்று நின்று இன்னும் ரத்தம் வரும் இடங்களில் மறுபடி சுத்தம் செய்வார்கள், தேவைப்பட்டால் ஈறைத் திறந்து வேரைப் பார்த்துச் சுத்தம் செய்யும் சின்ன அறுவை சிகிச்சை. ஒரு தடவை எலும்பு கரைந்தவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்துபோக வேண்டியிருக்கும். வீக்கத்தோடு நின்றவர்களுக்கு ஆறு மாதமோ வருடமோ போதும்.

ஒவ்வொரு தடவையும் அந்த அளவுகள் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும், எந்தப் பல்லில் ஆழம் கூடியிருக்கிறது, எதில் குறைந்திருக்கிறது என்று அடுத்தவர் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.